நாலு மணிக் குளியல்

“ஆரம்பிச்சாச்சு பாரு, மாப்பிள்ளையோட குளியல்!” என்றாள் அம்மா.

பின்பக்கக் குளியலறையில் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். மணி நாலு.

மாப்பிள்ளை என்றது பெயின்டரை. மூன்று நாளாக வீட்டில் அவருக்கு அதுதான் பேர். நாலு அடித்ததும் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தலையிலிருந்து கால்வரை சோப்புப் போட்டுக் குளிப்பார். அழுக்குத் துணியை அலசிப் பிழிந்து பையில் கட்டுவார். அப்புறம் தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சைக்கிள் ஏறுவார்.

“துணி வேற துவைக்கிறான். இது என்ன வீடா, சலவைக் கடையா? பக்கத்து வீட்டுல வேலை பார்த்தப்ப, மேலெல்லாம் தூசியோட அப்படியே சைக்கிள் ஏறிப் போன ஆள்தானே! நம்ம வீட்டைப் பார்த்ததும் சொகுசு வந்துடுச்சு.”

சின்னவளுக்கும் எரிச்சல்தான். படிப்பது வேதியியல் என்றாலும் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பேர். வாதாடாமல் எதையும் விடமாட்டாள்.

அக்காவின் பத்து மாதக் குழந்தைக்கு ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எல்லாரும் முழித்தார்கள். பல் முளைக்கிற தினவில் குட்டி ஜன்னல் கட்டையைப் பிடித்து நின்று கடித்துக்கொண்டே இருப்பது வக்கீலுக்குத்தான் உறைத்தது. உரிந்த பச்சை பெயின்ட்டைக் கொஞ்சம் எடுத்துப்போய்க் கல்லூரி லேபில் சோதித்தாள். ஈயம் எக்கச்சக்கம்.

“நீயும் உங்கக்காவும் இந்த வீட்டுலதான் வளர்ந்தீங்க. குறைஞ்சா போயிட்டீங்க? உனக்கு வாய் மட்டும் கொஞ்சம் கூடிப் போச்சு” என்றார் அப்பா.

“அந்தப் பெயின்ட் பொடி விரல்ல ஒட்டி வாய்க்குப் போனாலே போதும்ப்பா! சின்னக் குழந்தைன்னா மூளையையே பாதிக்கும். அப்புறம் படிப்பு ஏறாது. போனது போனதுதான், திரும்பி வராது!”

ஜன்னலை அளவெடுக்க வந்த பெயின்டரை வாசலிலேயே அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு நடந்த சண்டை அது. அப்பா தோற்றார்.

அக்காவும் குட்டியும் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். இங்கே பழைய பெயின்ட்டைச் சுரண்டுகிற வேலை ஆரம்பமானது. வக்கீல், அந்த அறைக் கதவைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினாள். அப்பா, அம்மா, தனக்கு என்று மூன்று மாஸ்க் வாங்கி வந்தாள்.

“ஒரு சிட்டிகைப் பொடிகூட வெளியே வரக் கூடாது அண்ணே, சொல்லிட்டேன்.”

“சரி தங்கச்சி” என்று மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனார் பெயின்டர்.

சனிக்கிழமை குட்டி வந்துவிடும். இன்னும் ஒரு ஜன்னலும் அலமாரியும் அப்படியே கிடக்கின்றன. இந்த லட்சணத்தில் தினம் ஒரு மணி நேரம் குளியலாம்!

மறுநாள் மூன்றே முக்காலுக்கே குளியலறையைப் பூட்டிவிட்டு, சாவியோடு அங்கேயே நின்றாள்.

பெயின்டர் பூட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“தங்கச்சி, சாவி?”

“வேலை அஞ்சு மணி வரைக்கும் அண்ணே. குளியல் உங்க வீட்டுல.”

“காலைல ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துடறேன். இதை மட்டும் நிறுத்தாதீங்க.”

“ஏன், உங்க வீட்டுல தண்ணி வராதா?”

“வருமே.”

“குளிக்க இடம் இல்லையா?”

“இருக்கு.”

“அப்புறம் என்ன? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. நியாயமா இருந்தா நானே திறந்து விடறேன்.”

“அப்படிக் கேளுடி!” மாஸ்க்குக்குள்ளிருந்து அம்மாவின் குரல்.

பெயின்டர் தலையைச் சொறியப் போய், கையைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். விரலிடுக்கெல்லாம் பச்சைப் பொடி.

“வீட்டுல பையனுக்கு ஒன்றரை வயசு. சைக்கிள் மணி கேட்டாப் போதும், ஓடி வந்து காலைக் கட்டிக்குவான். தூக்கினா சட்டைக் காலரைச் சப்புவான். ‘இருடா, அப்பா குளிச்சிட்டு வரேன்’னா அவனுக்குப் புரியுதா? அதான் இங்கேயே...”



“இந்தப் பொடியைப் பத்தி... உங்களுக்கு யாரு சொன்னாங்க?” என்றாள் வக்கீல்.

“நீங்கதான். அன்னிக்கு ஐயாகிட்டச் சொன்னீங்களே. வாசல்லதானே நின்னுட்டிருந்தேன்.”

ஐயாவிடம் சொன்னாள். அம்மாவிடம் சொன்னாள். அந்தப் பொடிக்குள் நாள் முழுக்க நிற்கிறவரிடம்? முகத்திலிருந்த மாஸ்க் திடீரென்று உறுத்தியது. சாவியை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவர் நின்றார்.

“ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. போனது திரும்பி வராதுன்னு சொன்னீங்களே... நிஜமாவே வராதா?”

“ஏண்ணே?”

“மூத்த பொண்ணு இருக்கா, எட்டு வயசு. அவளும் சின்னதுல இப்படித்தான் ஓடி வந்து கட்டிக்குவா.” கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “படிப்பு ஏறலைன்னு இத்தனை நாளா அவளைப் போட்டு அடிச்சிட்டிருந்தேன்.”