மூன்று ஆம்ப்பும் ஒரே சத்தம்

மோகனப்பிரியா ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற மூன்று ஆம்ப்புகளுக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பேரைப் பார்த்து ஆம்ப் வாங்குகிறவர்கள் ஏமாளிகள் என்பது அவள் கட்சி. கண்ணுக்கு வேலையே வேண்டாம், காது மட்டும் கேட்டுச் சொல்லட்டும். யூசுப் பாய் பின்னால் நின்று கிட்டார் வயரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். எது எது என்று வாய் திறக்கக்கூடாது.

ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் ட்யூப் ஆம்ப் விற்கிற யூசுப் பாய், இந்த மாதிரிக் கிறுக்குகளை நிறையப் பார்த்தவர். சரி என்று சொன்னார். குரல் கரகரவென்று இருந்தது. மிளகுக் கஷாயம் குடிக்கச் சொன்னாள். எதற்கு என்பது போலப் பார்த்தார்.

அவளுக்கு வேண்டியது கனமான சத்தம். ஆம்ப்புக்குள் இருக்கிற கண்ணாடி ட்யூப் கொதித்து, தாங்கமாட்டாமல் பிதுங்கி வருகிற கரகரப்பு. ஆனால் அதற்குள்ளும் ஆறு கம்பியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அவளுடைய பழைய ஆம்ப் பதினோரு வருடம் அப்படித்தான் முழங்கியது. மூன்று மாதமாகத்தான் எதை வாசித்தாலும் கூழாக்கிக் கொட்டுகிறது.

ட்யூப்களை இரண்டு முறை மாற்றினாள். ரிப்பேர்காரர் திறந்து பார்த்துவிட்டு ஒரு கோளாறும் இல்லை என்றார். அவருக்குத் தொழில் தெரியவில்லை என்று முடிவு கட்டினாள்.

பாட்டுக்குழு ஒத்திகையில் அதைவிடப் பெரிய ரகளை. பாடுகிற ரித்திக்கின் மைக் கெட்டுப்போய்க் கரகரக்கிறது என்றாள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று அவன் முணுமுணுத்தான். மைக் நன்றாகத்தானே இருக்கிறது என்று டிரம்ஸ் வாசிக்கிற முனீரா சமாதானத்துக்கு வந்தாள். இடிக்கு நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்குக் காதே போய்விட்டது என்று அவள் மேலும் பாய்ந்தாள் மோகனப்பிரியா. முனீரா குச்சிகளைப் பையில் வைத்தாள்.

நிகழ்ச்சிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. சத்தம் சரியாகாமல் மேடை ஏறமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஏறாவிட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது? தெம்பனிஸ் ஆபீஸில் ஐந்து நாள் காப்பீட்டுப் படிவங்களைச் சரிபார்ப்பதே, ஆறாவது நாள் கிட்டாரைக் கையில் எடுக்கலாம் என்கிற ஆசையில்தான்.

முதல் ஆம்ப். அடிக் கம்பியில் ஓங்கி ஒரு அடி. கரகரவென்று வந்தது. கனமும் போதும். ஆனால் உடனே செத்துவிட்டது.

இவ்வளவு கரகரப்பு இருந்தால் சுரம் தன் பாட்டுக்கு நீண்டுகொண்டே போக வேண்டுமே?

இரண்டாவதும் அதே கரகரப்பு, அதே சாவு. மூன்றாவதும்.

மூன்று கம்பெனி, மூன்று வித ட்யூப், எப்படி ஒரே மாதிரி இருக்கும்? பாய் வயரை மாற்றாமலே விளையாடுகிறாரா என்று சந்தேகம் வந்தது. பிளக்கைப் பிடுங்கிச் சொருகுகிற சத்தம் கேட்கத்தான் செய்தது.

இன்னொன்றும் உதைத்தது. கரகரப்பை ஏற்றி வைத்தால், வாசிக்காதபோதும் ஆம்ப் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருக்கும். இந்த மூன்றில் ஒன்றுகூட இரையவில்லை. நல்ல சரக்கு என்று எடுத்துக்கொள்வதா?

மறுபடி முதலிலிருந்து வரச் சொன்னாள். பாய் பொறுமையாக மாற்றினார். வாசிக்க வாசிக்க எது முதல், எது மூன்றாவது என்பதே குழம்பிவிட்டது. காதை நம்பி வந்தவளுக்கு, காசைச் சுண்டிப் பார்த்துவிடலாமா என்று தோன்றியது. அழுகைகூட வந்தது. ஒரு ஆம்ப்பைப் பொறுக்கத் தெரியாமல் அழுதால் பாய் என்ன நினைப்பார் என்று அடக்கிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஆம்ப்பில் இரண்டு பக்கம் உண்டு. கிளீன் பக்கம், கம்பி சொன்னதை அப்படியே சொல்லும். கெயின் பக்கம்தான் அதைக் கரகரப்பாக்கும். பாய் கெயினை அளவுக்கு மீறித் திருகி வைத்திருக்கிறார், அதுதான் மூன்றின் குணத்தையும் மூடிவிட்டது. குறைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

"பாய், கெயின் ரொம்ப ஓவரா இருக்கு லா. பாதியாக் கொறைச்சு வைங்க."

பின்னால் பிளக் சத்தம் நின்றது. இன்னொரு தரம், கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.

பாய் ஸ்டூலைச் சுற்றி வந்து அவளுக்கு எதிரே நின்றார். வியாபாரம் பேசுகிற முகமாக அது இல்லை.

"கெயினே இன்னும் போடலம்மா. யாரு வந்தாலும் முதல்ல கிளீன்லதான் குடுப்பேன். நீங்க மாத்தச் சொல்லுவீங்கன்னு நானும் பார்த்துக்கிட்டே நிக்கிறேன்."

மோகனப்பிரியா திரும்பிப் பார்த்தாள். மூன்றிலும் சுவிட்ச் கிளீன் பக்கமே இருந்தது.

முனீராவைக் காது போனவள் என்று திட்டியது நினைவுக்கு வந்தது. மேல் கம்பியை விரல் நுனியால் ஒரே ஒரு முறை, தொட்டும் தொடாமலும் தட்டினாள்.

கரகரவென்றது.

பாய்க்கு அது எப்படி இருந்தது என்று விசாரிக்க வாயெடுத்தவள், பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.