கடைசிச் சுற்றில் கேட்ட சம்மதம்

ஓடும்போது ஜெனிட்டாவின் இதயம் தாளம் தப்பும். உடனே நெஞ்சுக்குள் வைத்திருக்கும் கருவி அவள் வேகத்தைக் குறைத்துவிடும். குறைக்காமல் விட, அது அம்மா பிலோமினாவின் போனில் சம்மதம் கேட்கும்.

"கடைசிச் சுத்துல கேட்டா யோசிக்காம 'சரி'ய அமுக்கிரும்மா," என்று சொல்லிவிட்டுத்தான் மாநிலப் போட்டியில் இறங்கினாள்.

கடைசிச் சுற்றில் அவள்தான் முன்னால் ஓடினாள். பிலோமினாவின் கையில் போன் அதிர்ந்து, 'வேகத்தைக் குறைக்காமல் விடவா?' என்று கேட்டது. கூட்டம் மகளின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, அவள் 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள். ஜெனிட்டாவின் கால்கள் தளர்ந்தன. எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"ஜெயிச்சிருப்பேம்மா."

"தெரியும்ட்டி."

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜெனிட்டா தனியாகப் போய் உட்கார்ந்து, அழுதபடியே தூங்கிப்போனாள். பிலோமினா எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, வழி முழுக்க மகளின் மூச்சைக் கேட்டபடி வந்தாள்.