தனியே வைத்த பாட்டில்

“ரெண்டையும் ஒரே நேரத்துல நீட்டினா எதை வாங்குறது? ஒண்ணு ஒண்ணாக் குடு, செல்வமதி.”

செல்வமதியின் கையில் ஒரு கண்ணாடி பாட்டில்தான் இருந்தது. விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டி, எங்கும் சில்லு பெயரவில்லை என்று பார்த்த பிறகுதான் கணவன் தேவசகாயத்திடம் நீட்டியிருந்தாள். அதை வாங்கி அடுப்பிலிருக்கும் அண்டாவின் வெந்நீரில் இறக்குவது அவன் வேலை. அவன் கை பாட்டிலுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைப் பிடித்து மூடிக்கொண்டது.

“விளையாடாதீங்க.”

“யாரு விளையாடுறா? பிள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி பாட்டிலைக் குளிப்பாட்டுறது நீதான்.”

அவன் சிரித்தான். ஓர் இமை மட்டும் பாதிவரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டது.

அவள் அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். போன மாதம் காய்களை வேகவைத்துக் காற்றுப் புகாமல் அடைத்ததில் ஒரு பீன்ஸ் பாட்டிலின் மூடி உப்பியிருந்தது. அப்படி உப்பியதில் விஷம் ஊறியிருக்கும், தின்றால் முதலில் கண்ணும் நாக்கும், பிறகு தொண்டையும் செயலற்றுப் போகும், புதைத்துவிட வேண்டும் என்று தனியே எடுத்து வைத்திருந்தாள். அந்த இடம் காலியாக இருந்தது.

“மேல இருந்த பீன்ஸ் எங்கங்க?”

“நேத்து மத்தியானம் நீ இல்லாதப்ப சோத்துக்குத் தொட்டுக்கிட்டேன். வாடைகூட இல்ல. நீ சும்மா பயப்படுற.” கடைசிச் சொல் அவன் வாய்க்குள் தடித்துப் புரண்டது. “பாட்டிலையும் கழுவி வச்சிட்டேன்.”

கொதி ஏறிய அண்டாவுக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவள் அடுப்பை அணைக்கவில்லை. குடத்திலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு அவன் உதட்டில் வைத்தாள்.

“என்னங்க, ஒரே ஒரு மடக்கு. விழுங்கிக் காட்டுங்க.”