ஒரு படி கீழே

“கம்ப்யூட்டர் கத்துக்கினேன்னு பாட்டையே படுக்க வச்சிட்டியே விமல்.”

பாடகர் குழு முன்னால், குழுவை நடத்தும் ஆரோக்கியமேரி அக்கா கேட்டதும் விமலுக்குக் காது சூடானது.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, சர்ச் கம்ப்யூட்டரில் கிறிஸ்துமஸ் பாட்டை ஏற்றியது அவன்தான். சுரங்களை சி, டி, ஈ என்று எழுத்தாகத் தட்டினால் போதும், சாஃப்ட்வேரே கோடு போட்டு இசைக்குறிப்பாக அச்சடித்துத் தரும். சொல்லத்தான் சுலபம். அடைப்புக்குறி ஒன்று விட்டால் காகிதமே வராது. போன வாரம் ஒரு கமா விட்டதில் ஆண்கள் பாட வேண்டியது பெண்கள் குரலுக்கு மேலே போய் உட்கார்ந்து, குழுவே சிரித்தது.

இப்போது மொத்தப் பாட்டும் சுருதியில் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது.

“நான் சரியாத்தான் தட்டுனேன்க்கா.”

“அன்னிக்கும் இதையேதான் சொன்ன. தப்பு கெடைக்கிற வரைக்கும் இப்படியே பாடுவோம்.”

விமல் மண்டையை உடைத்துக்கொண்டான். ஒவ்வொரு சுரமாகப் பார்த்தான், எல்லாம் சரி. சோறு இறங்கவில்லை. கெஞ்சிக் கேட்டு வாங்கிய வேலை, இனி யார் நம்பித் தருவார்கள்?

கடைசியில்தான் ஃபைலின் உச்சியில் அந்த வரி கண்ணில் பட்டது. மொத்தப் பாட்டையும் இறக்கும் வரி. அவன் தட்டவே இல்லை.

அக்காவைக் கையோடு கூட்டிவந்து காட்டினான். “இது யார் வேலக்கா?”

“நான்தான் போட்டேன்.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நீ தட்டும்போது பாத்துக்கினுதான இருந்தேன். தொண்ட ஆபரேஷனுக்கு அப்புறம், முன்னால நின்னு பாடற நம்ம ஏஞ்சலினுக்கு மேல் சுரம் எட்டல. உனக்காகப் பாட்ட எறக்கறேன்னு அவகிட்ட சொன்னேன். அப்படின்னா வேற ஆள வச்சிக்குங்கன்னு அழுதுட்டா.”

“அதுக்கு என்னிய ஏன்க்கா மாட்டிவுட்டீங்க? எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்.”

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஏஞ்சலினே உள்ளே வந்தாள். கை தானாகத் துப்பட்டாவை இழுத்துக் கழுத்துத் தழும்பை மூடியது.

“இன்னா விமல், தப்பு கெடச்சிதா? சீக்கிரம் மாத்து. என்னாலதான் பாட்ட எறக்கிட்டாங்கன்னு யாரும் பேசக் கூடாது.”

விமல் அக்காவைப் பார்த்தான். பிறகு ஃபைலை மூடினான்.

“பேஜாரா கீது ஏஞ்சலின். எங்க தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியல.”