காப்பிச் சிலுவை

காப்பி வாசனை போகவேயில்லை. கரங்கானிலிருந்து பீடோங்வரை ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துவைத்து, நெற்றிக்குக் காற்றுக் காட்டிக்கொண்டே மோட்டாரை ஓட்டி வந்தான் அமலன்.

காதலி ஃபெலிசியாவின் அப்பா மோரிஸ், புதன்கிழமை வீட்டுக்கு வந்தால் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார். கோயிலுக்குப் போகாத பையனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். திருநீற்றுப் புதனும் அதுவுமாகக் கூப்பிடுகிறாரே, ஃபாதர் போட்ட சாம்பல் சிலுவை நெற்றியில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று இவனுக்குப் புரிந்துபோனது.

இரவு ஷிப்ட் முடிந்து படுத்தவன் கண் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. இனி எந்தப் பூசைக்குப் போவது? நல்லவேளை, அம்மா காப்பிச் சக்கையைக் கொட்டுகிறவர் இல்லை. ரோஜாச் செடிக்கு, குவாலிச் சட்டி தேய்க்க, பிரிட்ஜ் நாற்றம் போக என்று காயவைத்து டப்பாவில் போட்டு வைத்திருப்பார்.

அதில் ஒரு சிட்டிகை எடுத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் குழைத்து நெற்றியில் சிலுவை போட்டான். கண்ணாடியில் பார்த்தால் அச்சு அசல் சாம்பல்தான். ஆனால் மோப்பம் பிடித்துவிட்டால் கல்யாணம் அம்பேல்.

கதவைத் திறந்த மோரிஸின் பார்வை நேரே நெற்றிக்குப் போனது. மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"கோயிலுக்குப் போயிட்டா வர்றீங்க?"

"ஆமா அங்கிள், காலைப் பூசைக்கு. நல்ல கூட்டம்."

அவர் உள்ளே வரச்சொல்லி வழிவிட்டார். அமலனுக்கு உயிர் திரும்பி வந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் ஃபெலிசியாவின் அம்மா கோழிப் பிரட்டலைக் கொண்டுவந்து வைத்தார். மோரிஸ் தொடைத் துண்டாகப் பார்த்து எடுத்து இவன் தட்டில் போட்டார். சாம்பல் பூசிய நாளில் இறைச்சி ஆகாது என்று ஞானப்பாட வகுப்பில் படித்தது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. மனிதர் ஆழம் பார்க்கிறார். அமலனா ஏமாறுவான்? வாயில் எச்சில் ஊற ஊறத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"வேணாம் அங்கிள். இன்னைக்கு ஒருசந்தி."

ஃபெலிசியா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் அம்மா சிரிப்பை மறைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். மோரிஸ் மட்டும் தன் துண்டை நிதானமாகக் கடித்து முடித்துவிட்டு, இவன் தட்டைத் திரும்பவும் இவன் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க தம்பி, திருநீற்றுப் புதன் அடுத்த வாரம்தான்லா, சேர்ந்தே போவோம்."