மேகங்களை விசாரித்த சிப்பி

இரண்டு நிலங்கள் முட்டிக்கொண்டதில் நடுவிலிருந்த கடல் காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு மலை எழும்பியது. அதன் உச்சியில் கல்லாகிப்போன சிப்பி ஒன்று கிடந்தது. கடல் ஆவியாகி மேலேதான் போயிருக்கும் என்று நம்பி, போகிற வருகிற மேகத்தையெல்லாம் அது விசாரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மனிதர்கள், மலைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அறிய வெடி வைத்தார்கள். அதிர்வு ஆழத்துக்குப் போய் மோதித் திரும்பி வந்தது.

"கீழே என்ன பார்த்தே?" என்று அதிர்வைக் கேட்டது சிப்பி.

"ஒரு பழைய கடலோட தரை. உனக்கு நேர் கீழேதான் மடங்கிக் கிடக்கு."

சிப்பி அவசரமாகக் கேட்டது: "அதுகிட்ட ஏதாவது பேசினியா?"

"எங்கே! தொட்டதும் திரும்பறதுதானே என் பிழைப்பு. ஆனா நான் தட்டினப்போ உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டுது: 'யாரு, நம்ம சிப்பியா?'"