காட்டுவதற்கு ஒரு முதுகு

சோரியாசிஸ் என்னும் தோல் நோய் பற்றிய மாநாடு நடந்த ஓட்டலில், மேடைக்குப் பின்னால் திரை கட்டி ஆறு நோயாளிகளைச் சட்டையில்லாமல் உட்கார வைத்திருந்தார்கள். நோய் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஒரு மாதமாக அவர்களுக்கு மாத்திரையும் களிம்பும் நிறுத்தப்பட்டிருந்தன. பொன்னுரங்கத்தின் முதுகு முழுவதும் வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. வெளிநாட்டு டாக்டர் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பவருக்குப் புது ஊசி இலவசம் என்று சொல்லித்தான் அழைத்து வந்திருந்தார்கள்.

"ஏசியில வச்சிருக்காங்கண்ணே. நாம கெட்டுப் போயிடக் கூடாதுல்ல" என்றான் பக்கத்து நாற்காலி ஜெபமணி. பொன்னுரங்கம் சிரித்ததில் கழுத்துத் தோல் கீறி ரத்தம் கசிந்தது.

மதியம் ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். "நேரம் ஆயிடுச்சு. போட்டோவே போதும்னுட்டாங்க. நீங்கல்லாம் கிளம்பலாம்."

"எங்கள அவரு பாக்கவே இல்லையேம்மா?" என்றார் பொன்னுரங்கம்.

"சாப்பிடப் போயிட்டாருங்க. சட்டையப் போட்டுக்குங்க."

பொன்னுரங்கம் சட்டையைப் போடவில்லை. அப்படியே சாப்பாட்டுக் கூடத்துக்குள் நடந்தார். வரிசையில் நின்ற டாக்டர்கள் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். வாசல் பேனரில் பார்த்த வெளிநாட்டு டாக்டரின் முகத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். அதன் எதிரே போய், திரும்பி, முதுகைக் காட்டி நின்றார்.

"பாருங்கய்யா."

பின்னால் யாரோ கரண்டியைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. கீழே கனத்த கம்பளம். காலடிகள் நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்று அவருக்குத் தெரியவில்லை.